நடுவில் நிற்காது

இந்தக் காலத்தில் படித்தவன் எவனும் எதையும் நேராகச் சொல்வதில்லை. மேஜையில் கொட்டிய டீயில், ஊறிப்போன பிஸ்கட் துணுக்கோடு சேர்த்து விரலை இழுத்து, என்னமோ வளைவு போட்டுக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

“இது சாப்பிடற மேஜைன்னு உன் புருஷன்கிட்ட சொல்லு,” என்றார் மகளிடம்.

“என்ன வேலை பார்க்கறேன்னு அவர்தானே கேட்கச் சொன்னார்? அதைத்தான் காட்டறேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு,” என்றார் மாப்பிள்ளை.

கல்யாணத்துக்குத் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற கோபம் பெரியவருக்கு. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. எதிரெதிரே உட்கார்ந்தாலும் எல்லாம் மகள் வழியாகத்தான்.

“நாளைக்கு எனக்குக் குழந்தை பிறந்தா அதையும் தூது அனுப்புவீங்களா? என்னால இனிமே நடுவுல நிக்க முடியாது,” என்றபடி மகள் செருப்பைத் தேடினாள்.

யார் காதில் வாங்கினார்கள்? மாப்பிள்ளை வளைவை இன்னும் நீட்டினார். “உடம்புல ஒரு செல். உள்ள ஒரு ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. செல் அசைஞ்சே கொடுக்காது. ஒரு எல்லை தாண்டினதும் சுவிட்ச் போட்ட மாதிரி படக்குன்னு மாறிடும். நடுவுல நிக்காது.”

“கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாறும். எவன் சொன்னான் உங்களுக்கு?”

“கணக்கு சொல்லுது.”

“அந்தச் செல்லைக் கண்ணால பார்த்திருக்கீங்களா?”

“இல்ல. சமன்பாடுதான் போடறேன்.”

“த்தூ! பார்க்காமலேயா இந்தப் பேச்சு? சரி, ஏறினதை இறக்கினா பழையபடி ஆயிடும் இல்ல?”

“அங்கதான் இருக்கு விஷயம். ஒரு தடவை மாறிட்டா லேசுல திரும்பாது. ஏறின வழி வேற, இறங்கற வழி வேற.”

“ஏறின படியிலதான்யா எவனும் இறங்குவான்!” பெரியவர் அதே டீயில் தன் விரலைத் தோய்த்து, வளைவுக்குக் குறுக்கே ஒரு நேர்க்கோடு இழுத்தார்.

“ஐயோ, அழிக்காதீங்க!”

“அழிப்பேன். உசிருள்ளது எதுவும் இப்படிப் படக்குன்னு மாறாது. நான் நம்ப மாட்டேன்.” பிசுபிசுத்த விரலை அருவருப்போடு சட்டையில் துடைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.

கதவைத் திறந்தால், காய்கறிப் பையோடு படியேறி வந்துகொண்டிருந்தாள் மகள்.

“தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்குது. நான்தான் வீட்ல இல்லையே... இவ்வளவு நேரம் யார்கிட்டப்பா பேசினீங்க?”