வரிசைன்னா வரிசைதான்

"ஒருத்தனாவது ஹாரன் அடிக்கிறானா பாரு. இதான் ஒழுக்கம்!" என்றார் தட்சிணாமூர்த்தி, ஸ்டீயரிங்கில் தாளம் போட்டபடி.

தாம்பரம் மேம்பாலத்தின் மேல், இடது ஓரமாக நின்ற கார் வரிசையின் கடைசியில் அவருடைய சின்ன கார் நின்றது. மணி மூன்றரைதான். ஆனால் மழை கொட்டிய கொட்டில் பொழுது சாய்ந்ததுபோல் இருட்டிக் கிடந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிய வழிய, முன்னால் நின்ற வண்டிகள் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகக் கரைந்து தெரிந்தன.

பக்கத்து இருக்கையில் மனைவி ஜெயக்கொடி. மடியில் தாம்பூலத் தட்டு. மாடம்பாக்கத்தில் மாப்பிள்ளை வீட்டில் அதைக் கொடுத்து, மகள் அனுப்பிரியாவின் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டு வர வேண்டும். நல்ல நேரம் நாலேகால் வரைக்கும்தான். அப்புறம் ராகு காலம். நாளைக்கு மார்கழி பிறக்கிறது. "தை வரைக்கும் காத்திருக்க முடியாது. இன்னிக்கு வரலேன்னா நாங்க வேற இடம் பாத்துக்கிறோம்" என்று மாப்பிள்ளையின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

"அனு நேத்தெல்லாம் சாப்பிடவே இல்லைங்க. வேலைய விட்டுடணும்னு அந்தப் பையன் இப்பவே சொல்றானாம். வேணாம்மான்னு அழுவுறா."

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும். நான் முடிவு பண்ணிட்டேன் ஜெயா. இதுக்கு மேல அதைப் பேசாதே."

அவள் ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியில் விரலால் 'அ' என்று எழுதினாள். பிறகு துடைத்துவிட்டாள்.

வலப்பக்கமாக ஒரு பெரிய கார் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் பறந்தது.

"பாத்தியா? பெரிய கார்க்காரன் வரிசையில நிக்க மாட்டான். முன்னாடி எண்ணிப் பாரு, அத்தனையும் சின்ன காரு. இந்த நாட்டுல வரி கட்டுறவனும் வரிசையில நிக்கிறவனும் சின்ன கார்க்காரன்தான்!"

"நாமளும் வேணா அப்படியே ரைட்ல ஏறிப் போயிடலாமாங்க?"

"என்ன பேச்சு இது? வரிசைன்னா வரிசைதான். எல்லாரும் லைட்டைக்கூட அணைச்சிட்டாங்க பாரு, பேட்டரி வீணாகக் கூடாதுன்னு. சின்ன கார் வெச்சிருக்கிறவனுக்குத்தான் அந்தப் புத்தி வரும்" என்று தானும் இன்ஜினை நிறுத்தினார்.

வைப்பர் ஓய்ந்ததும் உலகமே மறைந்துபோனது. மழைச் சத்தம் மட்டும். வண்டி பாலத்தை விட்டு மெல்லக் கழன்று மேகத்துக்குள் மிதப்பதுபோல் இருந்தது ஜெயக்கொடிக்கு. எங்கேயோ கீழே ஒரு மின்சார ரயில் கூவிக்கொண்டு போனது. தட்டிலிருந்த மல்லிகை வாசம் காருக்குள் நிறைந்தது.

"ஏங்க, எந்தக் கட்சி வந்தாலும் நம்ம முடிச்சூருக்குள்ள தண்ணி வர்றது மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?"

தட்சிணாமூர்த்தி திரும்பி அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அரசியல் பேச ஆரம்பித்தால் "டிவி சத்தத்தைக் குறைங்க" என்பதுதான் அவள் சொன்ன ஒரே கருத்து.

"கேட்டியே ஒரு கேள்வி! நாலு பேர உக்கார வெச்சுக் கத்த விடுறானே டிவியில, ஒருத்தனாவது ஏரியில வீடு கட்டினது யாருன்னு கேக்கிறானா?"

"நாமளும் ஏரியிலதானே கட்டியிருக்கோம்?"

"நம்மது அப்ரூவ்டு!"

அவள் விடவில்லை. சின்ன கார் செய்தவர்கள் எல்லாம் ஏன் இப்போது பெரிய காராகப் போடுகிறார்கள் என்று கேட்டாள். மனிதருக்கு உச்சி குளிர்ந்தது.

"ஜனங்களுக்கு உசரமா உக்காரணும் ஜெயா, அவ்ளோதான். வீட்டுல மூணு பேரு, கார்ல ஏழு சீட்டு! நான் மட்டும் நிதி மந்திரியா இருந்தேன்னா, சின்ன காருக்கு வரியே கிடையாது. மந்திரிங்க எல்லாம் இதுலதான் போவணும். காலை மடக்கி உக்காந்தாத்தான் ரோட்டுல பள்ளம் எங்க இருக்குன்னு தெரியும்."

கண்ணை மூடிக்கொண்டார். அந்த இருட்டில் மந்திரிகளின் குட்டிக் கார்கள் வரிசையாகப் போவது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

பின்னால் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் குடையை விரித்துக்கொண்டு நடந்து போனார்.

"டீ குடிக்கப் போறான். என்ன பொறுமை பாரு!"

"எலெக்ட்ரிக் காரப் பத்தி என்னங்க நினைக்கிறீங்க?" என்றாள் ஜெயக்கொடி.

அதற்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் ஆனது. செல்போன் அடித்தபோது மணி நாலு இருபது. மாப்பிள்ளையின் அப்பா.

"டிராபிக்ல மாட்டிக்கிட்டோங்க, மேம்பாலத்து மேலயே நிக்கிறோம்" என்று கெஞ்சினார் தட்சிணாமூர்த்தி.

"நல்ல நேரம் தாண்டிடுச்சு சார். எங்களுக்குச் சகுனமா படல. விட்டுடுங்க." இணைப்பு அறுந்தது.

அவர் முகம் தொங்கிப் போயிற்று. "நல்ல இடம் ஜெயா. கைநழுவிப் போச்சே. வரிசை நகர்ந்திருந்தா..."

ஜெயக்கொடி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். தட்டிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அது நகராதுங்க, ஒரு வண்டியிலயும் ஆள் இல்ல" என்றாள். "தெருவுல தண்ணி ஏறி வண்டியெல்லாம் முங்கிடப் போவுது, எல்லாரும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்து மேல நிறுத்திட்டு வந்துடுங்கன்னு, நீங்க கட்சிச் சண்டை போட்டு வெளிய வந்தீங்களே நம்ம தெரு வாட்ஸ்அப் குரூப்பு, அதுல காலையிலயே போட்டுட்டாங்க."