நரி செய்யக் கொடுத்த துப்பாக்கி

நரிக்கு ரொம்ப நாளாக ஒரே கவலை: வேட்டைத் துப்பாக்கியை யாரிடம் செய்யக் கொடுப்பது? ஊர்ப்பட்ட பட்டறைகள் ஏறி இறங்கி, கடைசியில் முள்ளம்பன்றியிடம் தோள் அளவு, கை நீளம் எல்லாம் கொடுத்துச் செய்து வாங்கிவிட்டது. துப்பாக்கிக் குழல் கண்ணாடி மாதிரி மின்னியது.

முதல் நாளே புதரோரத்தில் ஒரு முயல் வகையாக மாட்டிக்கொண்டது. நரி குறி வைத்தது. முயல் மின்னும் குழலையே பார்த்தது.

"மாமா, குழல் யார் கைவேலை?" என்று கேட்டது.

இதை ஒருத்தராவது கேட்கமாட்டார்களா என்றுதான் நரி ஏங்கிக் கிடந்தது. சட்டென்று துப்பாக்கியை இறக்கியது. "நம்ம முள்ளம்பன்றிதான். உள்ளே பாரேன், எப்படி இழைச்சிருக்கான்!"

முயல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலுக்குள் பார்த்தது. "நல்லாத்தான் இருக்கு..." என்று இழுத்தது. "கரடிகிட்ட விசாரிச்சீங்களா?"

நரியின் முகம் தொங்கிப்போயிற்று. "ஏன், அவன் இதைவிட நல்லாச் செய்வானா?"

"எனக்கென்ன மாமா தெரியும்? எல்லாரும் சொல்லிக்கிறாங்க."

நரி அன்றைக்கே கரடியைத் தேடி மலையேறிவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் கரடி செய்த துப்பாக்கியோடு வந்து நின்றபோது, முயல் ஓடவில்லை. வாயிலிருந்த புல்லை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டது.

"எங்கே, குழலைக் காட்டுங்க மாமா."