கயிறு தெரிந்த ஆக்டோபஸ்

எங்கள் வீட்டு டிவி, வீட்டில் இருப்பவர்களின் முகத்தையும் குரலையும் எடுத்து, அவர்களே நடிப்பதுபோல் தானே படம் செய்து காட்டிவிடும். அப்பாவுக்குப் பழைய பாணி விண்வெளிப் படம்தான் வேண்டும்: அட்டை ராக்கெட், ஜிகினா உடை, ரப்பர் ஆக்டோபஸ். அவர் கேப்டன், அம்மா சுக்கிர கிரகத்து ராணி, நான் தகர ரோபோ. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து அப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை, நான் வாய் திறப்பதில்லை. என் குரல் கிடைக்காத டிவி, எனக்கு 'பீப்' மட்டும் கொடுத்திருந்தது. அந்த வேடத்தில் எனக்குப் போட்டியே கிடையாது.

"பாருங்க, நம்ம சாருமதி 'பீப்'கூட மெதுவாத்தான் சொல்றா!" என்று அம்மா சிரித்தாள்.

திரையில் ஆக்டோபஸ் கேப்டனைப் பின்னாலிருந்து நெருங்கியது. அதை இழுக்கும் கயிறுகூடத் தெரிந்தது. இருந்தும் பின்சுவரோரம் உட்கார்ந்திருந்த நான் கத்திவிட்டேன்.

"அப்பா, பின்னாடி பாருங்க!"

திரையில் கேப்டன் திரும்பவில்லை. சோபாவில் இருந்த அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.