அப்பாவின் பெட்டியில் இருந்த கவ்வி

மெஷினில் சிக்கி அப்பா செத்த பத்தாம் நாள், மில்லிலிருந்து அவருடைய கருவிப் பெட்டியை அனுப்பிவைத்தார்கள். ஸ்பானர், சுத்தியல், திருப்புளி எல்லாம் தெரிந்தது. நண்டுக் கொடுக்கு மாதிரி இருந்த ஓர் இரும்பு மட்டும் எதற்கென்று புரியவில்லை. திருகு துருப்பிடித்து அசையவே இல்லை. வீட்டிலிருந்த எந்தக் குழாய்க்கும் அது சேரவில்லை.

"நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சுக் கிழிச்சியே, இது தெரியலயா?" என்றார் அதே மில்லில் வேலை பார்க்கும் சித்தப்பா. "மணிக்கட்டை அளக்குறதும்மா. மெஷின் சந்துக்குள்ள நுழையுற கைக்குத்தான் அங்க வேலை."

என் கையை நுழைத்துப் பார்த்தேன். பாதியிலேயே நின்றுவிட்டது.

"பாத்தீங்களா, எனக்குச் சேரல. உங்க மில்லு நாசமாப் போகட்டும். திங்கக்கிழமை எனக்கு ஆபீஸ் வேலைக்கு இன்டர்வியூ."

சித்தப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கப்பனுக்கும் மொதல்ல சேரலம்மா. உங்க தாத்தா செத்து, இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தப்புறம்தான் சேந்துச்சு."

அன்றைக்கே அதைச் சாக்கடையில் வீசினேன்.

திங்கள் காலை சான்றிதழ்களை அடுக்கி வைத்துவிட்டு, வாட்ச்சைக் கடைசி ஓட்டைவரை இறுக்கிக் கட்டினேன். கையைத் தொங்கவிட்டதும் அது விரல்களைத் தாண்டி வழுக்கித் தரையில் விழுந்தது.