தொல்லை தராத பிள்ளை

பத்தாம் வகுப்புப் படிக்கும் ஓவியாவின் கையில் கீறல்களைப் பார்த்த அன்றே, அம்மா செண்பகம் அவளை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனாள். மகளின் அறைத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டாள். அவள் குளிக்கப் போனால்கூட வெளியே நின்று ஏதாவது பேச்சுக் கொடுத்தபடியே இருந்தாள். பிளஸ் டூ படிக்கும் மகன் பரிதி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவான்.

"பரிதியால எனக்கு ஒரு தொல்லையும் இல்ல" என்று செண்பகம் தன் அக்காவிடம் போனில் சொன்னாள்.

பேசி முடிக்கும்வரை ஓவியா காத்திருந்தாள். "நான் அழுதா உனக்குத் தெரியுது. அவன் அழுது பாத்திருக்கியாம்மா?"

"ஆம்பளப் புள்ள, அவனுக்கு என்னடி?"

"அவனோட கிரிக்கெட் பேட்டை ஃப்ரெண்டுக்குக் கொடுத்துட்டான். வாட்ச்ச எனக்குத் தந்துட்டான். ஏன்டான்னு கேட்டா, இனிமே எனக்கு எதுக்குன்னு சிரிக்கிறான்."

செண்பகம் ஓடிப்போய் மகனின் கதவைத் தட்டினாள்.

"படிக்கிறேம்மா."

எப்போதும் இந்தப் பதிலோடு திரும்பிவிடுவாள். இன்று கால் நகரவில்லை.

"என்னம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாம்பா. உன்கூடக் கொஞ்ச நேரம் உக்காரணும்."

அவள் மறுபடி கூப்பிட வாயெடுத்தபோது கதவு ஒரு கையகலம் திறந்தது. பரிதியின் கண்கள் சிவந்திருந்தன.

"உனக்கு வேலை இருக்குமே" என்றான்.

"இல்லப்பா" என்றாள்.

கதவைப் பிடித்த கையை எடுக்காமல், அவள் சொன்னதை நம்பலாமா என்பதுபோல் அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.