யோசனைகள் வரவேற்கப்படுகின்றன

மத்திய அரசின் பட்ஜெட்டில் துண்டு விழுந்திருந்தது. துண்டு என்றால் சின்னத் துண்டு இல்லை. விரித்தால் நாட்டையே போர்த்தலாம்.

"எந்தச் செலவை வெட்டலாம், எதற்குப் புது வரி போடலாம்? மக்களே சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டார் நிதியமைச்சர். மக்களும் மூட்டை மூட்டையாகச் சொன்னார்கள். அதைப் படிக்கவென்றே நிதித்துறையில் ஒரு பிரிவு திறந்தார்கள். அதற்குத் தலைவி, கறாருக்குப் பேர்போன ஒரு மேடம்.

"ம், படிங்க" என்றார் குமாஸ்தாவிடம்.

"வாத்தியார் ஒருத்தர் எழுதியிருக்கார் மேடம். ராணுவத்துல பேண்டு வாசிக்கிறதை நிறுத்தணுமாம்."

"அடுத்தது?"

"ராணுவக்காரர். வாத்தியார்களுக்கு லீவு நாள் சம்பளத்தை வெட்டணுமாம்."

மேடம் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாய் வளர்க்கிற அம்மா ஒருத்தங்க, பூனைக்கு வரி போடச் சொல்றாங்க. பூனை நன்றி கெட்டதாம்."

"ஒருத்தருக்காவது தன் முதுகு தெரியுதா பாருங்க! எல்லாருக்கும் வெட்டணும். ஆனா அடுத்த வீட்டுல வெட்டணும். நாடு எங்கேய்யா உருப்படும்?"

குமாஸ்தா அடுத்த உறையைப் பிரித்தார். குரல் இறங்கியது.

"மேடம், இது நம்ம ஆபீசுக்கு மூட்டை கொண்டுவர்ற தபால்காரர். 'இந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு வேண்டாம். பழைய சைக்கிளே இன்னும் ரெண்டு வருஷம் ஓடும், புதுசும் வேண்டாம்'னு எழுதியிருக்கார்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவர்தான்யா மனுஷர்! அடுத்தவனைக் கை காட்டாம தன்கிட்டே இருந்து ஆரம்பிக்கிறார் பாருங்க. இதை இப்பவே அமைச்சர் மேஜைக்கு அனுப்புங்க. பார்லிமெண்டுல படிக்கட்டும். நாலு பேருக்கு வெட்கம் வரட்டும்!"

"பின்பக்கமும் இருக்கு மேடம்."

"சத்தமாப் படிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

மொத்தப் பிரிவும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டது. வேலையை நிறுத்துவது அங்கே யாருக்கும் சிரமமான காரியம் இல்லை.

"'ஆறு மாசமா உங்க பிரிவுக்கு மூட்டை சுமக்கிறேன். பிரிச்ச மூட்டை ரெண்டு. பிரிக்காதது நாற்பது. அதுக்குப் பதினோரு பேர், நாலு ஏசி, ஒரு கார். முதல்ல அந்தப் பிரிவை இழுத்து மூடினாலே...'"

குமாஸ்தா நிறுத்திக்கொண்டார். நாலு ஏசியும் ஓடுகிற சத்தம் துல்லியமாகக் கேட்டது.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை வாங்கினார். தள்ளி வைத்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார்.

"என்னய்யா கையெழுத்து இது, கோழி கிளறின மாதிரி? ஒண்ணுமே புரியலை. உங்களுக்குப் புரியுதா?"

குமாஸ்தா சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார். அவருக்கும் பிள்ளை குட்டி இருந்தது.

"ஒரு எழுத்துகூடப் புரியலை மேடம்."

'கையெழுத்துப் புரியவில்லை' என்று எழுதி முத்திரை குத்தினார் மேடம், பளிச்சென்று டைப் அடித்திருந்த அந்தக் கடிதத்தின் தலையில்.