பெனிக்னாவின் இடம்

எங்கள் மடத்தில் ஒரு சகோதரி இறந்தால், சாப்பாட்டு மேசையில் அவர் இடத்தில் ஒரு மாதம் சிலுவை இருக்கும். அவர் பங்கு ஏழைக்குப் போகும். ஜெர்மானியர்கள் சகோதரி பெனிக்னாவைக் காட்டில் சுட்டுப் புதைத்த மறுநாள், அவர் பங்கு பீட்ரூட் சூப்பை நிலவறைக்குக் கொண்டுபோனேன். அடி வாங்கியும் அவர் காட்டிக்கொடுக்காத யூதப்பெண் ஃபைகா அங்கே ஒளிந்திருந்தாள். சாவுச் செய்தியை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"சாப்ட்டாச்சு சிஸ்டர்," என்றாள்.

"யாரு குடுத்தது?"

"பெனிக்னா சிஸ்டர்தான், எப்பவும் போல. கையக் கழுவிட்டு வரச் சொல்லுங்க, ரொட்டியெல்லாம் மண்ணு."

கிண்ணத்தைத் தரையில் வைத்தேன்.

"நீங்களும் மேல போய்ச் சாப்பிடுங்கன்னேன். அதுக்கு அவங்க, 'போனேன், என் இடத்துல சிலுவைய வச்சிருக்காங்க'ன்னாங்க. ஏன் சிஸ்டர், அவங்க மேல உங்களுக்கெல்லாம் என்ன கோவம்?"